எசோ 1603: ஒரு சாமுராய் விளையாட்டும் அது நடக்கும் தீவும்

2025 அக்டோபர் 2ஆம் தேதி பிளேஸ்டேஷன் 5 கருவிக்கு வெளியான ‘கோஸ்ட் ஆஃப் யோத்தெய்’, 2020இல் வந்த ‘கோஸ்ட் ஆஃப் த்சுஷிமா’ என்ற வீடியோ கேமின் அடுத்த பாகம். இரண்டையும் உருவாக்கியது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இயங்கும் சக்கர் பஞ்ச் நிறுவனம், வெளியிட்டது சோனி. அடுத்த பாகம் என்றாலும் பழைய கதை இதில் தொடரவில்லை. முதல் விளையாட்டு 1274இல், கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே உள்ள த்சுஷிமா தீவில் நடக்கிறது. இரண்டாவது 329 ஆண்டுகள் தள்ளி, 1603இல் நடக்கிறது. களம், ஜப்பானியர் அன்று எசோ என்று அழைத்த வடதீவு, இன்றைய ஹொக்கைதோ. யோத்தெய் மலையடிவாரத்தில் குடியேறிய ஒரு கொல்லரின் மகள் ஆட்சு. சிறுவயதில் அவள் குடும்பத்தைக் கொன்று, அவளையும் எரியும் மரத்தோடு சேர்த்து வாளால் குத்திவிட்டுப் போன ஆறு பேரைப் பதினாறு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து தேடுகிறாள். அந்த ஆறு பேரின் தலைவன் சாய்தோ, வடக்கின் ஆட்சியைத் தனக்கென்று பிடிக்கப் பார்ப்பவன்.

விளையாட்டாக மட்டும் எடைபோட்டால் இது முதல் பாகத்தைவிடத் தேர்ந்த வேலை. முன்பு ஒரே வாளைப் பிடிக்கும் நிலைகளை மாற்றிச் சண்டையிட வேண்டியிருந்தது. இப்போது ஒற்றைக் கத்தானா, இரட்டை வாள், நெடுவாளான ஓதாச்சி, யாரி என்ற ஈட்டி, அரிவாளில் சங்கிலி கோத்த குசரிகாமா என்று ஆயுதங்களே மாறுகின்றன. எதிரியின் கையில் இருப்பதைப் பார்த்து ஆட்டக்காரர் தம் ஆயுதத்தைத் தேர்ந்துகொள்கிறார். பழிதீர்க்க வேண்டியவர்களில் யாரை முதலில் தேடிப் போவது என்பதும் பெரும்பாலும் அவர் விருப்பம். வழிகாட்டும் அம்புக்குறிகளுக்குப் பதிலாகக் காற்று வீசித் திசை சொல்லும் பழைய உத்தி இங்கும் உண்டு. வரைபடத்தைத் துண்டு துண்டாக ஒரு படம் வரைபவரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். இவற்றில் பெரிய குறை சொல்ல இடமில்லை. சற்று விரிவாகப் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. கதாபாத்திரங்கள் கற்பனை என்றாலும் இடமும் ஆண்டும் உண்மையானவை. அந்த ஆண்டில் அந்த இடம் எப்படி இருந்தது என்பதற்கு ஓரளவு நல்ல சான்றுகள் இருக்கின்றன.

முதல் பாகத்துக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. 1274 நவம்பரில் மங்கோலியரின் யுவான் படை கொரியக் கப்பல்களில் வந்து த்சுஷிமாவின் கொமோதா கடற்கரையில் இறங்கியது. தீவின் காவல் பொறுப்பில் இருந்த சோ சுகெகுனி ஏறத்தாழ எண்பது குதிரை வீரர்களோடு எதிர்த்து நின்று மடிந்தார். விளையாட்டு இந்த ஒரு வரிச் செய்தியை எடுத்துக்கொண்டு, பெயர்களை மாற்றி, தப்பிப் பிழைத்த ஒரு சாமுராயாக ஜின் சகாயைப் படைத்தது. ஹைக்கூ எழுதுவது போன்ற காலப்பிழைகள் அதில் இருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹைக்கூ இல்லை. ஆனால் அடிப்படை வடிவம் பிசகவில்லை: வெளியிலிருந்து படை வருகிறது, தீவுக்காரர்கள் தங்கள் மண்ணைக் காக்கிறார்கள். தீவு மக்களுக்கும் இது பிடித்துப்போனது. புயலில் விழுந்த வதத்சுமி கோயிலின் தோரி வாயிலை மீண்டும் எழுப்ப விளையாட்டின் ரசிகர்கள் பணம் அனுப்பினார்கள். 2021இல் த்சுஷிமா நகராட்சி விளையாட்டின் இரு இயக்குநர்களைத் தங்கள் சுற்றுலாத் தூதர்களாக்கியது.

எசோவில் இந்த வடிவம் தலைகீழாகிறது. அங்கே மண்ணின் மக்கள் ஐனுக்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் ஜப்பானியர். கதாநாயகியின் குடும்பமே அப்படிக் குடியேறிய குடும்பம்தான். விளையாட்டு இதை அறியாததில்லை, ஆனாலும் இதன் பொருளைக் கடைசிவரை பின்தொடரவில்லை.

1603 என்ற ஆண்டைத் தேர்ந்தது பொருத்தமானது. 1600 அக்டோபரில் செகிகஹாராவில் நடந்த பெரும்போரில் தொகுகாவா இயேயாசு வென்றார். 1603 மார்ச்சில் பேரரசர் அவருக்கு ஷோகுன் பட்டம் அளித்தார். தோற்ற பக்கத்தில் நின்ற பிரபுக்களின் நிலங்கள் பறிக்கப்பட்டன, அல்லது குறைக்கப்பட்டன. அவர்களை அண்டிப் பிழைத்த வீரர்கள் தலைவனும் கூலியும் இல்லாத ரோனின்களாகத் தெருவுக்கு வந்தார்கள். நாடு அமைதிக்குத் திரும்பியபோது போரைத் தவிர வேறெதுவும் அறியாத கூட்டம் ஒன்று மிச்சமிருந்தது. பழிவாங்கும் கதைக்கு இதைவிட நல்ல பின்னணி கிடைக்காது. தோற்றவர்கள் ஆட்சியின் கண்ணுக்கு எட்டாத வடக்கே ஓடி, அங்கே தனி அரசு அமைக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பது கேட்கத் தகுந்த கேள்வியே. ஆனால் சாய்தோவைப் போன்ற ஒருவன் அங்கே இருந்ததில்லை. இருந்த குடும்பம் வேறு.

ஹொக்கைதோவின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் கொக்கிபோல் வளைந்து நீளும் ஓஷிமா தீபகற்பத்தில், பதினைந்தாம் நூற்றாண்டிலேயே ஜப்பானியச் சிறுகோட்டைகள் பன்னிரண்டு இருந்தன. 1456இல் அவற்றில் ஒன்றான ஷினோரியில் ஒரு ஐனு இளைஞன் கத்தி செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தான். கத்தியின் தரம் பற்றியும் விலை பற்றியும் கொல்லனோடு வாக்குவாதம் மூண்டது. கொல்லன் அதே கத்தியால் அவனைக் குத்திக் கொன்றான். மறு ஆண்டு கொஷமைன் என்ற தலைவரின் கீழ் ஐனுக்கள் எழுந்து, பன்னிரண்டில் பத்துக் கோட்டைகளை வீழ்த்தினார்கள். ககிசாகி குடும்பத்தின் விருந்தாளியாக இருந்த தகெதா நொபுஹிரோ என்ற வீரன் கொஷமைனை அம்பெய்து கொன்றான். அவனே பிறகு அந்தக் குடும்பத்தில் பெண்ணெடுத்து வாரிசானான். ஐனுக்களோடான மோதல் அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் விட்டுவிட்டு நடந்தது. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில்தான் ககிசாகிகள் கிழக்கு, மேற்கு ஐனுத் தலைவர்கள் இருவரோடு உடன்பாடு செய்துகொண்டார்கள்: எல்லை ஒன்று குறிக்கப்பட்டது, வணிகர்களிடம் பிரிக்கும் வரியில் ஒரு பங்கு அந்தத் தலைவர்களுக்குப் போனது. கத்தியால் தொடங்கிய விவகாரம் வரிப்பங்கீட்டில் வந்து நின்றது என்பது கவனிக்க வேண்டியது. எசோவில் ஜப்பானிய அதிகாரத்தின் போக்கை அப்போதே இது காட்டிவிட்டது.

ககிசாகிகள் அதுவரை, ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷுவின் வடக்கே இருந்த ஆண்டோ குடும்பத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ககிசாகி யோஷிஹிரோ அந்தப் பிடியிலிருந்து நழுவிய விதம் சாமர்த்தியமானது. 1593இல், அன்று ஜப்பானை ஆண்ட தொயொதோமி ஹிதெயோஷி கொரியா மீது படையெடுத்து கியூஷுவில் முகாமிட்டிருந்தபோது, யோஷிஹிரோ அவ்வளவு தூரம் பயணம் செய்து அவர் முன் போய் நின்றார். எசோவுக்கு வரும் கப்பல்களிடம் வரி வாங்கும் உரிமையை உறுதிசெய்யும் சிவப்பு முத்திரைக் கடிதம் அவருக்குக் கிடைத்தது. அதே முகாமில் இயேயாசுவையும் சந்தித்திருக்கிறார். யோஷிஹிரோ அணிந்திருந்த அயல்நாட்டுப் பட்டு மேலங்கியை இயேயாசு வியந்து பார்த்ததாகவும், அவர் அங்கேயே அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டதாகவும் குடும்ப வரலாறு பெருமையோடு சொல்கிறது. 1599இல் குடும்பப் பெயர் மத்சுமாயே என்று மாறியது. அடுத்த ஆண்டு மத்சுமாயே ஊரில் புதிய கோட்டைப் பணி தொடங்கி, 1606இல் முடிந்தது. ஆட்சு வடக்கே திரும்பி வருவதாகக் கதை சொல்லும் 1603இல் அந்தக் கோட்டை பாதி எழும்பிய நிலையில் இருந்திருக்கும்.

விளையாட்டிலும் மத்சுமாயே குடும்பம் வருகிறது. சாய்தோவின் படைக்கு எதிராக நிற்கும் ஒழுங்கான அரசாக, ஓஷிமாக் கடற்கரையில் அதன் கோட்டையோடு வருகிறது. இடம் சரி. அரசின் தன்மைதான் வேறாகிவிட்டது. மற்றப் பிரபுக்களின் தகுதி அவர்களுடைய நிலம் எத்தனை ‘கொக்கு’ என்ற அளவு நெல் விளைவிக்கும் என்பதால் அளக்கப்பட்டது; வீரர்களுக்குச் சம்பளமும் நெல்லாகத்தான் போனது. அன்றைய ஹொக்கைதோவில் நெல் விளையாது. எனவே மத்சுமாயேக்குத் தர விளைநிலம் கிடையாது. தரக்கூடியது வணிகம் ஒன்றே. 1604இல் இயேயாசு யோஷிஹிரோவுக்குக் கொடுத்த கருப்பு முத்திரைக் கடிதம் இதைத்தான் எழுத்தில் வைத்தது. பிற மாகாணங்களிலிருந்து வருவோர் மத்சுமாயேயின் அனுமதியின்றி ஐனுக்களோடு வாணிபம் செய்யக் கூடாது. ஐனுக்கள் தம் விருப்பப்படி எங்கும் போய்வரலாம். அவர்களுக்குக் கொடுமை செய்வது கண்டிப்பாகத் தடை. இதன் பிறகு பிரபு தம் மூத்த வீரர்களுக்கு நிலத்துக்குப் பதிலாக ஆற்று முகத்துவாரங்களைப் பிரித்துக் கொடுத்தார். இன்ன கடற்கரையில் ஆண்டுக்கு ஒரு கப்பல் அனுப்பி ஐனுக்களோடு பண்டமாற்றுச் செய்துகொள்ளலாம் என்பதே அந்தச் சாமுராயின் சம்பளம். இடுப்பில் இரண்டு வாள் செருகியிருந்தாலும் அவர் பிழைப்பு கருவாட்டில் ஓடியது. ஜப்பானில் வேறெந்தப் பிரபுவின் வீரர்களும் முழுக்க இப்படி வாழ்ந்ததில்லை. உண்மையான எசோ சாமுராயின் இந்தத் தனித்தன்மை விளையாட்டில் எங்கும் தட்டுப்படாதது பெரிய இழப்பு.

அந்தப் பண்டமாற்று சிறிய விவகாரமன்று. ஐனுக்கள் கொடுத்தவை: காய்ந்த சால்மன், ஹெர்ரிங் மீன், கொம்பு என்ற கடற்பாசி, மான் தோல், கரடியின் பித்தப்பை, கடல் நீர்நாயின் மென்மயிர்த் தோல், அம்புகளுக்குச் சிறகு கட்ட உதவும் கழுகின் இறகு. பெற்றவை: அரிசி, சாக்கே மது, இரும்புக் கத்தியும் பானையும், பருத்தித் துணி, அரக்குப் பூசிய கிண்ணங்கள். கியோட்டோ, ஒசாகா வீடுகளில் சூப்புக்கு அடிப்படையான கொம்பு வடக்கிலிருந்துதான் வந்தது. போர்க்களத்தில் பறந்த அம்புகளின் சிறகும் பெரிதும் வடக்கின் கழுகுகளுடையவை. வணிகம் தெற்கே மட்டும் பார்த்ததும் இல்லை. சகலின் தீவு வழியாக அமூர் ஆற்றுப் பகுதி மக்களோடு ஐனுக்கள் பண்டம் மாற்றினார்கள். அந்த வழியில் சீனத்துச் சித்திரப்பட்டு அவர்கள் கைக்கும், அவர்களிடமிருந்து ஜப்பானுக்கும் வந்தது. இயேயாசு வியந்த அந்த மேலங்கியும் இந்த வழியில் வந்த பட்டாகத்தான் கருதப்படுகிறது. நாட்டின் கடைக்கோடி என்று விளையாட்டு சொல்லும் தீவு, இரண்டு பெரிய வணிக உலகங்கள் சந்தித்த இடமாக இருந்தது.

யோத்தெய் மலை இந்தப் படத்தில் எங்கே? 1,898 மீட்டர் உயரம், சுற்றிலும் வேறு சிகரம் ஒட்டாமல் தனியாக எழுந்த எரிமலைக் கூம்பு. எசோவின் ஃபூஜி என்று பின்னாளில் பெயர் வாங்கியது. ஐனுக்கள் அதை மச்சிநெஷிரி என்றார்கள். யோத்தெய் என்ற பெயர் அரசு வரைபடத்தில் ஏறியது 1969இல்தான். மலை நிற்கும் ஷிரிபெஷிப் பகுதி ஜப்பானியக் குடியிருப்பு எல்லைக்கு வெளியே, ஐனு நாட்டுக்குள் இருந்தது. ஜப்பானியர் நிரந்தரமாகத் தங்கிய நிலம் தெற்கில் ஒரு கடற்கரைப் பட்டை மட்டுமே. அதற்கு அப்பால் அவர்கள் பருவத்துக்கு வந்து போகிறவர்கள். ஆகவே 1587 வாக்கில் அந்த மலையடிவாரத்தில் ஒரு ஜப்பானியக் கொல்லர் உலை வைத்து, குழந்தைகளோடு குடியிருந்தார் என்பது நம்ப முடியாதது. விளையாட்டில் அங்கே காணும் சத்திரங்கள், சூதாட்டக் கொட்டகைகள், தோரி வாயில்கள், பாலங்கள் எல்லாமே ஹொன்ஷுவிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் வைத்தவை. ஆட்சுவைச் சேர்த்துக் குத்திய அந்தக் கிங்கோ மரமும் அப்படியே. சீனாவிலிருந்து வந்து கோயில்களிலும் தெருக்களிலும் நட்டு வளர்க்கப்பட்ட மரம் அது, எசோக் காட்டின் மரமன்று. இலையுதிர்காலத்தில் அதன் மஞ்சள் திரையில் அழகாக எரிகிறது என்பதே அது அங்கே நிற்பதற்குக் காரணம். வெந்நீர் ஊற்றுகள் மட்டும் முழு உண்மை. எரிமலை நாட்டில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

அந்த நிலம் காலியாகக் கிடக்கவும் இல்லை. சால்மன் முட்டையிட ஏறி வரும் ஆறுகளை ஒட்டிக் கொத்தான் எனப்படும் ஐனுச் சிற்றூர்கள் இருந்தன. நாணலும் புல்லும் வேய்ந்த வீடு, உள்ளே நடுவில் கணப்படுப்பு, அடுப்பில் வாழும் நெருப்புத் தெய்வம். எல்ம் மரப்பட்டையின் நாரை ஊறவைத்துப் பிரித்து நெய்த அத்துஷ் உடை. சீவல் சீவலாக மரத்தைச் செதுக்கித் தெய்வங்களுக்கு நட்ட இனாவ் கோல்கள். மானையும் கரடியையும் வீழ்த்த வில்லும், நாவி என்ற நச்சுச்செடியின் கிழங்கு பூசிய அம்பும். எந்த ஆறு யாருடையது, எந்தக் காட்டில் யார் வேட்டையாடலாம் என்பதற்குத் தெளிவான வழக்கு உண்டு. மீறியவர் ஈடு கட்ட வேண்டும். சட்டமற்ற நிலம் என்ற படிமம் ஜப்பானியச் சட்டம் இல்லாததை எந்தச் சட்டமும் இல்லாததாகப் பார்த்ததால் வந்தது.

ஐனுக்களைக் காட்டும் முறையில் சக்கர் பஞ்ச் அக்கறை எடுத்திருக்கிறது. ஐனுப் பண்பாட்டு ஆலோசகர்களைக் கேட்டுச் செய்த உடைகள், வீடுகள், நெய்வேலை, இசைக்கருவிகள் கண்ணுக்கு உறுத்தவில்லை. ஹுசி என்ற மூதாட்டி வழியாக ஆட்சு அவர்களுடைய பொருள்களைப் பற்றியும் வழக்கங்களைப் பற்றியும் அறிந்துகொள்கிறாள். கேலியோ, மந்திரவாதிகள் என்ற மலினமான சித்திரிப்போ இல்லை. ஆனால் அவர்கள் கதையின் ஓரத்தில் இருக்கிறார்கள். ஆட்சுவுக்குத் தங்கும் இடமும் அணிகலனும் அறிவுரையும் தருகிறார்கள். கதையைத் திருப்பும் எந்த முடிவும் அவர்களுடையதாக இல்லை. சாய்தோ வென்றாலும் மத்சுமாயே வென்றாலும் ஐனுக்களுக்கு என்ன வேறுபாடு என்ற கேள்வியை விளையாட்டு கேட்பதில்லை. வரலாற்றில் அந்தத் தீவின் பெரிய கேள்வி அதுவாகத்தான் இருந்தது.

ரோனின்களும் அடையாளம் தெரியாத முகங்களும் நிறைந்த எசோ ஒன்று உண்மையிலேயே இருந்தது, கொஞ்சம் தாமதமாக. 1610களின் பிற்பாதியில் மத்சுமாயே ஆறுகளில் தங்கப்பொடி கிடைப்பதாகச் செய்தி பரவி, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி வந்து மணலை அரித்தார்கள். 1614இல் கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட பிறகு, தப்பியோடிய விசுவாசிகள் பலருக்கு இந்தக் கூட்டம் நல்ல மறைவிடம். சிசிலியில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார் ஜிரோலமோ தெ அஞ்செலிஸ் 1618இலும் 1621இலும் மத்சுமாயேக்குப் போய்வந்தார். ஐனுக்களின் தோற்றம், தாடி, வணிகம், படகுகள் பற்றி அவர் எழுதிய அறிக்கைகளும் அவற்றோடு இணைத்த வரைபடமும் ஐரோப்பியர் கண்ணால் கண்டு எசோவைப் பதிவுசெய்தவற்றில் மிகப் பழையவை. 1623இல் ஷோகுனின் தலைநகரான எதோவில் (இன்றைய டோக்கியோ) அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். 1639இல் மத்சுமாயே ஆட்சி தங்கக் களங்களில் ஒளிந்திருந்த 106 கிறிஸ்தவர்களைக் கொன்றது. தங்கம், தலைமறைவு, பொய்ப்பெயர், கூலிப்படை என்று விளையாட்டு விரும்பும் அத்தனையும் இந்த இருபது ஆண்டுகளில் இருக்கின்றன. கதையை 1620க்கு நகர்த்தியிருந்தால் கற்பனைக்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்காது.

ஆயுதங்களைப் பொறுத்தவரை 1603 நன்றாகவே ஒத்துப்போகிறது. 1543இல் தனெகஷிமா தீவுக்கு வந்த போர்த்துக்கீசியத் துப்பாக்கியை ஜப்பானியக் கொல்லர்கள் சில ஆண்டுகளிலேயே பெருமளவில் செய்யத் தொடங்கிவிட்டார்கள். செகிகஹாராவில் அது சாதாரண ஆயுதம். விளையாட்டில் எதிரிகள் திரியைப் பற்றவைத்து நெடுந்துப்பாக்கியால் குறிபார்ப்பதும், ஆட்சுவும் அதை எடுத்துச் சுடுவதும் முறையானதே. ஓதாச்சியின் காலம் பதினான்காம் நூற்றாண்டோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. திரைக்கு அது பயன்படுகிறது. போரிட்ட பெண்கள் ஜப்பானிய மரபில் உண்டு, 1868இல் ஐசுவில் நகினாதா என்ற நீள்பிடி வாளோடு களமிறங்கி மாண்ட நகானோ தகெகோவரை. ஆட்சு சாமுராய்ப் பெண் அல்லள், கூலிக்கு வாளெடுத்தவள் என்று விளையாட்டு அமைத்தது அவளைச் சுற்றிய பல கேள்விகளைத் தவிர்த்துவிடுகிறது. அவள் முதுகில் தொங்கும் ஷமிசெனும் காலத்துக்கு இசைந்ததே. ரியுக்யூத் தீவுகளின் பாம்புத்தோல் போர்த்திய நரம்புக்கருவி பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் சகாய் துறைமுகத்துக்கு வந்து ஷமிசெனாக மாறியது. 1603இல் அது புதுக்கருவி. வடக்கின் ஷமிசென் என்றதும் இன்று காதில் ஒலிக்கும் வேகமான த்சுகாரு பாணி மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்தது.

கதை முடிந்த பிறகு உண்மையான எசோவில் நடந்ததை அறியாமல் இந்தக் களத்தை மதிப்பிட முடியாது. கருப்பு முத்திரைக் கடிதம் ஐனுக்களுக்குப் போக்குவரத்துச் சுதந்திரம் சொன்னது. நடைமுறையில் மத்சுமாயே அதை மெல்லச் சுருக்கியது. முன்பு ஐனுக்கள் தங்கள் படகில் மத்சுமாயேக்கும் ஹொன்ஷுவின் வடகரைக்கும் போய், விலை படியாவிட்டால் வேறிடம் பார்த்தார்கள். ஆற்று முகத்துவார வணிகம் நிலைபெற்றபின் கப்பல் அவர்கள் இடத்துக்கே வந்தது. வந்த ஒரே கப்பலுக்கு விற்றாக வேண்டும். நூறு காய்ந்த சால்மனுக்கு இரண்டு தோ அரிசி கொண்ட மூட்டை கிடைத்துவந்தது, அதாவது சுமார் 36 லிட்டர். அதே நூறு மீனுக்கு 1660களில் ஏழெட்டு ஷோ மூட்டைதான். 13, 14 லிட்டர். பெயரளவில் விலை மாறவில்லை, ஒரு மூட்டைக்கு நூறு மீன்தான், மூட்டைதான் இளைத்துவிட்டது. மீன் குறைந்தால் அடுத்த ஆண்டு கடனாகச் சேர்த்தார்கள். ஆறுகளில் ஜப்பானியர் பெருவலை போட்டு மேலே ஏறும் மீனையும் தடுத்தார்கள். தங்கம் அரித்தவர்கள் ஆற்றுப்படுகைகளைக் கலக்கியதும் முட்டையிடும் மீனுக்குக் கேடு.

1669இல் ஷிபுச்சாரி ஆற்றுத் தலைவர் ஷகுஷைன் விடுத்த அழைப்பில் கிழக்கிலும் மேற்கிலும் ஐனுக்கள் எழுந்து, கடற்கரைகளில் நின்ற வணிகக் கப்பல்களைத் தாக்கினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட ஜப்பானியர் இறந்தார்கள். தொடக்கம் அண்டைக் குழுவோடு வேட்டை எல்லை குறித்த நெடுநாள் பகை. அதில் உதவி கேட்டு மத்சுமாயே போன எதிர்க்குழுத் தூதர் வழியில் பெரியம்மையில் இறக்க, நஞ்சு வைத்துவிட்டார்கள் என்ற செய்தி பரவி, பகைக்குழுக்களே ஒன்றுசேர்ந்தன. எதோ அரசு பக்கத்துப் பிரபுக்களைத் துணைக்கு ஏவியது. துப்பாக்கி ஐனுக்களிடம் மிகக் குறைவு. அப்படியும் சண்டையில் முடியவில்லை. சமாதானம் பேச அழைத்து, மது விருந்தில் வைத்து ஷகுஷைனைக் கொன்றார்கள். விளையாட்டின் மறைந்திருந்து கொல்லும் உத்திகளுக்கு இணையான நிகழ்ச்சி எசோ வரலாற்றில் உண்டென்றால் அது இதுதான், கொலையாளிகள் அரசின் ஆட்கள் என்ற வேறுபாட்டோடு. 1789இல் குனஷிரியிலும் மெனஷியிலும் ஒப்பந்த வணிகனின் மீன்களத்தில் வேலை வாங்கப்பட்டவர்கள் மீண்டும் எழுந்தார்கள். 71 ஜப்பானியர் இறந்தனர், 37 ஐனுக்களுக்குத் தலை வெட்டப்பட்டது. அந்தக் கலகத்தை அடக்க உதவிய பன்னிரண்டு ஐனுத் தலைவர்களைப் பிரபு குடும்பத்து ஓவியர் ககிசாகி ஹக்யோ சீனப்பட்டு உடுத்திய கம்பீர உருவங்களாகத் தீட்டினார். அவற்றில் பதினொன்று இப்போது பிரான்சின் பெசான்சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சக்கர் பஞ்ச் எசோவைத் தேர்ந்ததற்கு உண்மையான காரணம் சினிமாவில் இருக்கிறது. விளையாட்டில் ஜப்பானியத் திரைப்பட இயக்குநர்களின் பெயரில், திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் ‘குரோசாவா’ முறையும், ரத்தமும் சேறும் தெறிக்கும் ‘மீக்கே’ முறையும் தனித்தனியே உண்டு. குரோசாவாவின் ‘யோஜிம்போ’ 1961இல் வந்தது. செர்ஜியோ லியோனே அதை 1964இல் கௌபாய்ப் படமாக்கினார். அந்தக் கடனை இந்த விளையாட்டு திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறது: தனியாக வரும் வாள்காரி, தலைக்கு விலை குறித்த சுவரொட்டிகள், பரந்த புல்வெளி, காட்டுக் குதிரைகள். எசோவின் குதிரைகள் ஹொன்ஷுவிலிருந்து மனிதரோடு கப்பலில் வந்தவை என்பதால் 1603இல் யோத்தெய்ச் சமவெளியில் அவை கூட்டமாக ஓடியிருக்க வழியில்லை. அமெரிக்க மேற்குப் படத்தில் ஓடும்.

விந்தை என்னவென்றால், அந்த அமெரிக்க மேற்கு பிற்காலத்தில் ஹொக்கைதோவுக்கு நிஜமாகவே வந்தது. 1869இல் மெய்ஜி அரசு தீவை நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்து, ஹொக்கைதோ என்று பெயர் சூட்டி, குடியேற்ற ஆணையத்தை நிறுவியது. 1871இல் அதன் தலைமை ஆலோசகராக வந்த ஹோரஸ் கேப்ரன் அமெரிக்க வேளாண் துறையின் தலைவராக இருந்தவர். 1850களில் டெக்சாஸில் பழங்குடிகளை இடம்பெயர்க்கும் அரசுப் பணியும் பார்த்தவர். அவருக்குத் துணையாகச் சேர்ந்த ஒஹையோக்காரர் எட்வின் டன் பண்ணைக் குதிரைகளைக் காக்க ஓநாய்களுக்கு ஸ்ட்ரிக்னின் நஞ்சு வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் எசோ ஓநாய் அற்றுப்போனது. ஐனுக்கள் தெய்வமாக மதித்த விலங்கு அது. விளையாட்டில் ஆட்சுவுக்குத் துணையாக வந்து சண்டையிடுவதும் அதுதான். ஓநாய்க்கு நேர்ந்தது ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் நேர்ந்தது. ஆற்றில் சால்மன் பிடிக்கவும் நச்சம்பு எய்யவும் பெண்கள் உதட்டில் பச்சை குத்தவும் தடை வந்தது. 1899இல் ‘முன்னாள் பூர்வகுடிகள் பாதுகாப்புச் சட்டம்’ என்று இயற்றி ஐனுக்களை உழவராக்க முனைந்தார்கள்.

அந்தச் சட்டம் நீங்கியது 1997இல். ஐனுக்களை ஜப்பானின் பூர்வகுடிகளாக நாடாளுமன்றம் 2008இல் தீர்மானமாகவும், 2019இல் சட்டமாகவும் ஏற்றது. ஷிரவோயில் ‘உபொபொய்’ என்ற தேசிய ஐனு அருங்காட்சியக வளாகம் திறந்தது 2020 ஜூலை 12இல். ‘கோஸ்ட் ஆஃப் த்சுஷிமா’ வெளியானது அதே மாதம் 17இல். அதன் அடுத்த பாகத்தை உருவாக்கியவர்கள் ஐனு ஆலோசகர்களைத் தேடிப் போனதற்குப் பின்னால் இந்த மாற்றமும் உண்டு. முப்பது ஆண்டுக்கு முன் இப்படி ஒரு விளையாட்டு வந்திருந்தால் ஐனுக்கள் அதில் தலைகாட்டியிருப்பார்களா என்பதே ஐயம். இப்போது அவர்களுடைய ஊரும் உடையும் தெய்வக்கோலும் கவனமாக வரைந்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆட்சு ஐனு ஊரைவிட்டு அடுத்த எதிரியைத் தேடிக் கிளம்பும்போது கேமராவும் அவளோடு கிளம்பிவிடுகிறது. அரிசி மூட்டை எவ்வளவு எடை இருந்தது என்று பார்க்க யாரும் அங்கே நிற்பதில்லை.